பஸ் வந்தால் அருவாள் கீழே

1970 ஜனவரி 1, வியாழன்

பனி. திருப்பூர் நல்லூரே காணோம். குழாயடியில் நான்தான் கடைசி. குடம் நிரம்புவதற்குள் விரல் மரத்துப்போனது.

புது டைரி. நூல் விற்கிறவர் எங்கள் பனியன் கம்பெனிக்குக் கொடுத்ததில் ஒன்று மீந்துவிட்டதாம். மேஸ்திரி என் மடியில் போட்டுவிட்டுப் போனார். "கைமடியில எட்டாவது படிச்சவ நீ ஒருத்திதான, வெச்சுக்க அம்மிணி." கைமடி என்றால் தைத்து வந்த பனியனை மடித்து, லேபிள் வைத்து, பெட்டியில் அடுக்குவது. சிமிட்டித் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்தால் பொழுதுக்கும் குனிந்த தலைதான். இதற்கு எட்டாவது எதற்கு என்று தெரியவில்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டேன். ஓசியில் வந்ததை விடுவேனா.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய். பச்சைப்பயறு. இவருக்கு இருமல் மருந்து. (இவர் நிட்டிங் மிஷினில் நைட் ஷிப்ட். பஞ்சு தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. டாக்டரிடம் போங்கள் என்றால் சுக்குக் காப்பி கேட்கிறார்.) அம்மாவுக்கு ஒரு சேலை, பொங்கலுக்கு. அரக்கு நிறம் வேண்டாம், அவளிடம் ஏற்கெனவே எல்லாம் அரக்குதான்.

என்னைப் பெற்ற அய்யன் போய் இந்த மார்கழியோடு ஒரு வருஷம். அறுப்பு முடிந்த கையோடு காய்ச்சல் என்று படுத்தார், எழவில்லை. ஜெயில் சாப்பாடு செய்யாததைக் கொசு செய்தது. இன்றைக்கு ஏன் இதை எழுதுகிறேன், தெரியவில்லை. பனி பார்த்தாலே நினைப்பு வருகிறது.

ஜனவரி 4, ஞாயிறு

பொங்கல் ஆர்டர் என்று ஞாயிற்றுக்கிழமையும் வேலை. மத்தியானம் விட்டார்கள். வீட்டுக்கு வந்தால் வாசலில் கருப்பண மாமா! எங்கள் ஊர் குமரலிங்கத்திலிருந்து விடியற்காலையே கிளம்பியிருக்கிறார். மடியில் ஒரு மூட்டை கத்தரிக்காய், பாதி நசுங்கிப் போயிற்று.

மாமா சொந்த மாமா அல்ல. அய்யனுக்கு வலது கை. அய்யன் லாக்கப்புக்குப் போனால் இவரும் போவார். அய்யன் விரதம் இருந்தால் இவரும் இருப்பார். அய்யன் தும்மினால் இவர் மூக்கைத் துடைப்பார் என்று அம்மா சொல்வாள்.

விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை பெரிய வயலில் அறுப்பு ஆரம்பம். அய்யன் இல்லாத முதல் அறுப்பு. வேலை நின்றதும் வாய்க்கால் மேட்டில் கூட்டம், நான் பேச வேண்டுமாம்.

"நானா? நான் என்னத்தப் பேசறது மாமா?"

"மாரப்பண்ணன் மவ நீ பேசாம, வேற எவ பேசுவா? நீ சாயங்கால பஸ்ஸுல வந்துரு அம்மிணி. அதுதான் முக்கியம். நீ பஸ்ஸ உட்டு எறங்கற, நாங்க அருவாளக் கீழ வெக்கறோம். பாக்கறவனுக்குப் புல்லரிச்சுப் போயிரும்!"

சொல்லும்போதே அவருக்குப் புல்லரித்துவிட்டது. கையைக் காட்டினார்.

இந்தப் பஸ் கதையை எழுதி வைக்கிறேன். நாளைக்கு எனக்குப் பிள்ளை பிறந்தால் படிக்கட்டும். முன்பெல்லாம் குமரலிங்கம் வயல்களில் வேலை எப்போது நிற்கும்? பண்ணாடி சொல்லும்போது. பண்ணாடி என்றால் எங்கள் பக்கம் நிலக்காரர். அவர் எப்போது சொல்வார்? அருவாள் கண்ணுக்குத் தெரியாமல் போகும்போது. அம்மா இருட்டில் வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டுவாள், நான் அதற்குள் பசியோடு தூங்கியிருப்பேன். வெளிச்சத்தில் அம்மா முகத்தை நான் பார்த்தது அமாவாசையன்று மட்டும்தான், அன்றைக்கு ஏர் பூட்ட மாட்டார்கள்.

அய்யன் சங்கம் வைத்தார். பொழுது இருக்கும்போதே நிறுத்த வேண்டும் என்று கேட்டார். அறுப்புக் காலத்தில் ஆள் இறங்காமல் நின்றார்கள், நெல் நின்றபடியே முற்றியது. அய்யனைக் கோயமுத்தூர் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்து மறுபடியும் அதையே கேட்டார். கடைசியில் பண்ணாடி இறங்கி வந்தார். ஆனால் எப்போது நிறுத்துவது? பண்ணாடியின் கைக்கடிகாரத்தை எங்கள் ஆட்கள் நம்பவில்லை. எங்கள் ஆட்களிடம் கடிகாரமே இல்லை. அப்போதுதான் உடுமலையிலிருந்து சாயங்கால பஸ் புதிதாக விட்டிருந்தார்கள். வாய்க்கால் ரோட்டில் போகும், எல்லா வயலுக்கும் தெரியும். அது பண்ணாடிக்கும் மச்சானில்லை, எங்களுக்கும் மாமனில்லை. பஸ் வந்தால் அருவாள் கீழே. கை அடித்துப் பேசியது, எழுத்து கிடையாது. அன்றிலிருந்து அப்படித்தான். நடவுக்கும் அதுதான், களைக்கும் அதுதான். சுற்று வட்டாரத்தில் வேறு எந்த ஊரிலும் இது கிடையாது. எங்கள் ஊரில் மட்டும்தான் உண்டு, எங்கய்யனால் உண்டு. இதைப் பெரிய எழுத்தில் எழுதலாம் போல இருக்கிறது.

மாமா சாப்பிடும்போது ஒன்று சொன்னார். பண்ணாடி இந்த வருஷம் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். "மாரப்பங்கூடப் பேசுனது மாரப்பனோட போச்சு" என்று கடைவீதியில் சொன்னாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க மாமா?"

"நான் என்னத்தச் சொல்றது. அண்ணன் இருந்தாச் சொல்லியிருப்பாரு."



ஜனவரி 5, திங்கள்

கரண்ட் இல்லை, பவர் டேபிள் நின்றுவிட்டது. ஒரே ஷாப்டில் ஓடுகிற தையல் மிஷின் எல்லாம் ஒன்றாக நிற்கும்போது காதுக்குள் ஒரு நிம்மதி. டெய்லர்கள் பீடிக்கு வெளியே போனார்கள். கைமடிக்குக் கரண்ட் வேண்டாமே, நாங்கள் மடித்துக்கொண்டே இருந்தோம்.

மு. (முதலாளி) வந்தார். இவர் பெரிய வயல் பண்ணாடியின் மனைவிக்குத் தம்பி. எனக்கு வேலை கொடுத்தபோது அது தெரியாது, தெரிந்தபிறகு இருவருமே தெரியாத மாதிரி இருக்கிறோம். இன்றைக்கு அவருக்கு வாய் அரித்தது.

"என்ன சரசு, ஊருல அறுப்பாமா? பஸ்ஸுக்கு இனி யாரு கொடி காட்டறது?"

சுற்றி எல்லோரும் இருந்தார்கள். நான் லேபிளைப் பார்த்தபடி, "பஸ்ஸுக்குக் கொடி எதுக்குங்க, ரயிலுக்குத்தானுங்க கொடி" என்றேன். பக்கத்தில் மடிக்கிற பேச்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மு. முகம் சிவந்து உள்ளே போனார்.

நல்லா வேணும். 

ஜனவரி 6, செவ்வாய்

பேச்சு எழுதிப் பார்த்தேன்.

முதல் தடவை: "பெரியோர்களே, தாய்மார்களே." கட்சிக்காரன் மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "எங்கய்யன் செத்துப் போகலை." செத்துத்தான் போனார். அம்மா கேட்டால் அங்கேயே திட்டுவாள்.

மூன்றாவது கொஞ்சம் பரவாயில்லை. இவரிடம் படித்துக் காட்டினேன். ஷிப்ட் முடிந்து வந்த ஆள், கண் சொக்குகிறது. "நல்லா இருக்குது, ஆனா இதுல உங்கம்மா எங்க?" என்றார். அம்மா எதற்கு? அம்மா சங்கத்துக்கே வந்ததில்லை. அய்யன் ஊர்வலம் போனால், "ஊருக்கு நாயம் பேசறீங்களே, ஊட்டுல வெறகு இருக்குதான்னு பாத்தீங்களா" என்று வாசலில் நின்று கத்துவாள். பக்கத்து வீடெல்லாம் சிரிக்கும். அய்யனும் சிரிப்பார், சிரித்துவிட்டு விறகு வெட்டிப் போட்டுவிட்டு ஊர்வலம் போவார்.

அம்மாவைப் பேச்சில் போட இடமில்லை. கூட்டத்தில் முன்னால் உட்கார வைத்தால் போதும்.

சேலை வாங்கியாகிவிட்டது. மாம்பழ நிறம்.

ஜனவரி 7, புதன்

லீவு கேட்டேன். மேஸ்திரி தலையில் கை வைத்தார். "பொங்கல் ஆர்டர் போவோணும், இப்பப் போயி! எங்கிட்டக் கேக்காத, அவருகிட்டக் கேளு."

மு. கண்ணாடி ரூமில். மேசைமேல் முருகன் காலண்டர், ஊதுபத்தி. நான் நின்றேன். அவர் நிமிரவில்லை.

"வெள்ளி, சனி ரெண்டு நாள் லீவு வேணுமுங்க."

"போனா வராத."

"வருவேனுங்க."

இப்போது நிமிர்ந்தார். கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான் பேசினார், அதுதான் பயமாக இருந்தது. "இங்க பாரு சரசு. நேத்து அக்கா ஊட்டுக்குப் போயிருந்தேன். எங்க மாமா, உங்க பண்ணாடி, கடைவீதியில என்ன சொன்னாலும் பேச்சு மாறல. பஸ்ஸுன்னா பஸ்ஸுதான். வந்தா நிறுத்தட்டும். ஆனா பஸ் வராத நாளுன்னு ஒண்ணு இருக்குதில்ல? உங்கய்யன் இருந்தப்ப, பஸ் வரலைன்னா வரப்புல ஏறி நின்னு அவரு ஒரு சத்தம் குடுப்பாரு, எல்லாரும் ஏறிருவாங்க. மாமாவும் சரின்னு உட்ருவாரு, அந்த ஆளுகிட்ட யாரு பேசறது. இனி சத்தம் குடுக்க ஆரு இருக்கறா? ஒரு நாள் இருட்டுக் கட்ட அறுத்தாங்கன்னா அப்பறம் தெனமும் அதுதான். பேச்சு முடிஞ்சு போச்சு. நீ போயி கூட்டத்துல பேசி என்னத்த ஆவப்போவுது?"

 உண்மைதானே. வெளியே வந்தேன்.

கைமடியில் உட்கார்ந்து பேச்சியம்மாளிடம் சொன்னேன். சாத்தூர்ப் பக்கத்துக்காரி, வாய் ரொம்ப நீளம். என்னைவிட நீளம். "ஏட்டி, நீ போயிட்டு வா. ஒன் பெட்டிய நாங்க அஞ்சு பேரும் பங்கு வச்சு மடிக்கோம். ஒன்ன நிப்பாட்டுனா நாங்களும் எந்திரிச்சுப் போயிருவோம், பொங்கலுக்கு மொதலாளியே ஒக்காந்து மடிக்கட்டும்" என்றாள். மெதுவாகச் சொல்லவில்லை. கண்ணாடி ரூமுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். மற்ற நால்வரும் மடிப்பதை நிறுத்திவிட்டு அந்தப் பக்கமே பார்த்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் மேஸ்திரி வந்தார். "ரெண்டு நாளு. திங்கக்கெழம வரலைன்னா எடம் இல்லையாமா."

இவளுகளில் யாரும் என் அய்யனைப் பார்த்ததே இல்லை. பஸ் கதையை நான் தினமும் சொல்லிச் சொல்லி அவர்களுக்கே மனப்பாடம். எனக்கு அழுகை வந்தது, லேபிள் ஒட்டுகிற பசையைக் குறை சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஜனவரி 8, வியாழன்

நல்ல குளிர். பேச்சு மனப்பாடம். நடுவில் ஒரு இடம் மட்டும் மறக்கிறது.

எடுத்துப் போக வேண்டியது: சேலை. மாமாவுக்கு ஒரு பனியன் (டேமேஜ், அக்குளில் சின்ன ஓட்டை, தெரியாது). பேச்சுக் காகிதம். டைரி.

மாமாவுக்குப் பனியன் என்றால் உயிர். முன்னாட்களில் பண்ணாடி முன்னால் மேல்துணி போட்டு நிற்கக் கூடாது. அய்யன் முதலில் போட்டார், அடுத்தது மாமா. இப்போது வெறும் உடம்போடு அவரைப் பார்க்க முடியாது, குளிக்கும்போதுகூடச் சந்தேகம்தான்.

ஜனவரி 9, வெள்ளி

மத்தியானம், உடுமலை பஸ் ஸ்டாண்டு. தூசி. பல்லடத்திலிருந்து நின்றுகொண்டே வந்தேன். குமரலிங்கம் போகிற அந்தச் சாயங்கால பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. அதிர்ஷ்டம்தான். பக்கத்தில் ஒரு அம்மாள் மடியில் கோழி. கோழிக்கும் டிக்கெட்டா என்று கண்டக்டரோடு சண்டை.

பஸ் எடுத்துவிட்டான். 

பிறகு.

அட கெரகமே! நடு ரோட்டில் நின்றுவிட்டது. பெரிய சத்தம், பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஆக்ஸில் என்கிறார்கள். டிரைவர் அடியில் படுத்துவிட்டு எழுந்து வந்து கையை விரித்தார். "இன்னைக்கு ஆவாதுங்க. உடுமலைக்கு ஆளு போயி, சாமான் வந்து... நாளைக்குக் காலையிலதான்."

இன்றைக்குத்தானா! எத்தனையோ நாள் இருக்கிறது. கோழிக்காரி ஜாடையாக என்னைப் பார்க்கிறாள், நான் ஏன் இப்படி அழுகிறேன் என்று. இவளுக்கு எப்படிச் சொல்வது? அங்கே வயலில் எல்லோரும் குனிந்தபடி இந்தப் பஸ்ஸுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள். நான் இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்று மாமா எல்லோரிடமும் சொல்லி வைத்திருப்பார். வராது. பண்ணாடி குடையோடு வரப்பில் நிற்பார். சத்தம் கொடுக்க அய்யன் இல்லை. இருட்டும் வரை அறுப்பார்கள். மு. சொன்னதுதான் நடக்கப்போகிறது, அதுவும் முதல் நாளே.

மைல்கல்லில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதவில்லை என்றால் டிரைவரை அடித்துவிடுவேன், பாவம் அவர் என்ன செய்வார்.

பொழுது இன்னும் இருக்கிறது. நடக்கப்போகிறேன். ஓடவும் செய்வேன்.

ஜனவரி 10, சனி. காலை

குமரலிங்கம். அம்மா வீடு. பனி இல்லை, வாய்க்காலில் மட்டும் புகை மாதிரி நிற்கிறது. கால் இரண்டும் கொப்புளம். செருப்பு வார் வழியிலேயே அறுந்தது, வெறுங்காலோடுதான் வந்தேன்.

நேற்று நடந்ததை விடாமல் எழுத வேண்டும்.

வாய்க்கால் ரோட்டைத் தொட்டபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, ஆனால் வெளிச்சம் இருந்தது.  வழி நெடுக "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று சத்தம் போட்டுப் பழகிக்கொண்டே வந்தேன், மாட்டுவண்டிக்காரன் ஒருவன் வண்டியையே நிறுத்திவிட்டான். பெரிய வயல் திருப்பத்தில் வந்து பார்த்தால், பாதி வயல் அறுத்துக் கிடக்கிறது, பாதி நிற்கிறது. ஆட்கள் யாரும் வயலில் இல்லை. எல்லோரும் வாய்க்கால் மேட்டில். பெண்கள் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். பண்ணாடி குடையை ஊன்றியபடி தனியாக நின்றார்.

வயலில் ஒரே ஒரு ஆள் மட்டும் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார். வெள்ளைப் பனியன். கருப்பண மாமா.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவிடம் ஓடினேன். அவள் அருவாளைத் தண்ணீரில் அலசிக்கொண்டே, "ஏங்கண்ணு இப்படி மூச்சு வாங்கற? பஸ்ஸு எங்க?" என்றாள்.

"பஸ் கெட்டுப் போச்சும்மா. ஆக்ஸிலு. வராது. நீங்க எப்படி நிறுத்துனீங்க?"

 பக்கத்தில் இருந்த ராமாத்தாள் அக்காதான் சொன்னாள். பஸ் வருகிற நேரம் வந்தது, போனது. எல்லோரும் ரோட்டைப் பார்த்துப் பார்த்து அறுத்தார்களாம்.  பண்ணாடி, "ம், ஆவட்டும், பஸ் வரட்டும்" என்றாராம். எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா, "பஸ்ஸு வரலியே, அண்ணன் பேச்சு பஸ்ஸுதான" என்று குனிந்துவிட்டார். அப்போது அம்மா நிமிர்ந்தாள். இடுப்புப் பிடித்துக்கொண்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அம்மா சேலையை உதறினாள், நடந்தாள், வரப்பில் ஏறினாள்.

பண்ணாடி அம்மாவைப் பேர் சொல்லிக் கேட்டாராம். "பழனாத்தா, பஸ் வரலியே."

"பஸ்ஸு வரலீங்க. நான் வந்துட்டேனுங்க."

"பேச்சு என்ன பேச்சு? பஸ் வந்தாத்தான?"

"எங்கூட்டுக்காரர் இருந்திருந்தா இந்நேரம் சத்தம் குடுத்திருப்பாரா இல்லீங்களா? உங்களுக்கே தெரியுமுங்க. எனக்குச் சத்தம் வராதுங்க. அதனால நான் ஏறிட்டேனுங்க."

அவ்வளவுதான். கத்தவில்லை. ராமாத்தாள் அக்கா ஏறினாள். அவளுக்குப் பின்னால் எல்லாப் பெண்களும். அப்புறம் ஆண்கள். மாமா மட்டும் ஏறவில்லை. அண்ணன் சொன்னது பஸ்ஸு, பஸ் வராமல் ஏறினால் அண்ணன் பேச்சை மீறியதாகும் என்று ஒற்றையாகக் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார். எத்தனை பேர் கூப்பிட்டும் வரவில்லை.

நான் வரப்பில் நின்று கத்தினேன். "மாமா! பஸ் வராது! ஆக்ஸில் போச்சு! நாளைக்குத்தான் வரும்!"

நிமிர்ந்தார். முகமெல்லாம் வேர்வை. "அப்ப நான் எப்ப அம்மிணி நிறுத்தறது?"

நான் சிரிப்பதா அழுவதா? அதற்குள் அம்மா வந்து என் பக்கத்தில் நின்றாள். சத்தம் வராது என்றவள் கொடுத்தாள் பாருங்கள் ஒரு சத்தம், வாய்க்காலுக்கு அக்கட்டை இருக்கிற கொக்கெல்லாம் எழுந்தது.

"அட கிறுக்கு மனுசா! அந்த ஆளு பஸ்ஸுக்காகவா செயிலுக்குப் போனாரு!"

மாமா அப்படியே நின்றார். பிறகு அருவாளைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு வயல் நடுவிலேயே உட்கார்ந்து அழுதார், ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்தார் போல. நான் இறங்கிப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன்.

பண்ணாடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். "நாளைக்கு வெளியூரு ஆளு வரும். பாத்துக்கலாம்" என்றார். போய்விட்டார்.

கூட்டம் நடந்தது. நான் பேசவில்லை. காகிதத்தை எடுக்கக்கூட இல்லை. மாம்பழச் சேலையை அம்மா மடியில் வைத்தேன், "எதுக்கு இத்தன வெளிச்சமா" என்றாள். அய்யனைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். நான் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் இந்தப் பொம்பளையை நான் விறகுக்குச் சண்டை போடுகிறவள் என்று நினைத்திருக்கிறேன்! எங்கய்யனை நினைத்து எனக்கு எப்போதும் பெருமைதான். நேற்று பெருமை வேறு மாதிரி இருந்தது, உட்காரவே முடியவில்லை.

வெளியூர் ஆள் வருவார்களா தெரியவில்லை. அம்மா கம்பு மாவு பிசைந்துகொண்டிருக்கிறாள். நான் கேட்டேன். "வந்தா வரட்டும். நாமளும் போவோம்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

எனக்கும் ஒரு அருவாள் எடுத்து வைத்திருக்கிறாள். கொப்புளத்தோடு என்னால் முடியுமா என்று கேட்கவில்லை.

மாலை

உள்ளங்கை எரிகிறது. விரலில் வெட்டு, எழுத்து கோணுகிறது.

காலையில் போனபோது பண்ணாடி ஆள் வரப்பில் நின்றான். எல்லோரும் நின்றுவிட்டோம். வெளியூர் ஆள் ஒருவரும் இல்லை. பக்கத்து ஊரிலெல்லாம் கேட்டிருக்கிறார்கள். அங்கேயும் அறுப்பு, யாருக்கும் ஆள் மிச்சமில்லை. அதோடு நேற்றைய விஷயம் இரவே அங்கெல்லாம் போய்விட்டதாம், வருகிறேன் என்றவர்களும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் பண்ணாடியே வந்தார். யாரையும் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்தபடி, "ம், எறங்குங்க, பொங்கலுக்குள்ள முடியோணும்" என்றார். பிறகு, போகும்போது, அம்மா பக்கம் திரும்பாமலே, "நேத்து மாதிரியே பொழுதோட ஏறிக்குங்க" என்றார்.

அம்மா "சரீங்க" என்றாள். நான் அந்தச் "சரீங்க"வை நாள் முழுக்க மனசுக்குள் சொல்லிக்கொண்டே அறுத்தேன்.

நாளை திருப்பூர். பேச்சியம்மாளிடம் சொல்ல வேண்டும், பெட்டி பெட்டியாகச் சொல்ல இருக்கிறது. மு. முகத்தைப் பார்க்க வேண்டும். அவர் கேட்பார், கேட்காமல் இருக்க மாட்டார்.

சாயங்காலம் பொழுது இருக்கும்போதே அம்மா நிமிர்ந்தாள். எல்லோரும் ஏறிவிட்டோம். மாமா முதல் ஆளாக ஏறினார், புதுப் பனியன், அக்குள் ஓட்டையை அவர் பார்க்கவே இல்லை. கால் கழுவி, வெற்றிலை போட்டு, ராமாத்தாள் அக்கா யார் வீட்டுக் கல்யாணத்தையோ பேச ஆரம்பித்துவிட்டாள். அப்போதுதான் பஸ் வந்தது. சரி பண்ணிவிட்டார்கள், வழக்கமான நேரத்துக்கே வருகிறது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மாமா மட்டும் ரோட்டுக்கு நடுவில் போய் நின்று பஸ்ஸை மறித்தார். டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"ஏனப்பா, இன்னைக்கு இத்தன லேட்டு?"